ஆறும் முன் திறந்த சூளை

நான் செய்த தப்பை மறைக்க ஒரு பெண்ணின் கையைக் குறை சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று ஒதுக்கி வைத்தால், இத்தனை வருஷம் செய்ததுபோலவே எழுதாமல் முடித்துவிடுவேன்.

எழுதச் சொன்னது எஸ்டேட் சங்கத்துப் பிள்ளைகள். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையை எஸ்டேட் என்றுதான் சொல்வோம். அதன் பொதுக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கேஸ் சூளை வந்திருக்கிறது. பளபளவென்று ஒரு பெரிய பீரோ மாதிரி இருக்கும். அதை ஓட்டுகிற கார்த்தி என்னைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினான்.

"சார், உள்ள சூடு இறங்காம கதவு தொறக்காது. தானாப் பூட்டிக்கும். எவன் வந்து கெஞ்சினாலும் வேலைக்காவாது."

"நல்லதுதான்" என்றேன்.

"உங்க காலத்துல எது சார் பூட்டு?"

"நான்தான்டா பூட்டு."

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் நெஞ்சில் முள்ளாக நின்றது. அந்தப் பூட்டு ஒரு தடவை தானாகத் திறந்துகொண்டது அவர்களுக்குத் தெரியாது. "சங்க மலருக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க சார்" என்று கார்த்தி கேட்டபோது, சரி என்று சொன்னதற்கு அதுதான் காரணம்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பீங்கான் தொழிலில் டிப்ளமோ வாங்கினேன். ஒரு வருஷம் மண் சலித்தேன், இன்னொரு வருஷம் எண்ணெய் பர்னருக்கு முன்னால் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டேன். பிறகு எஸ்டேட்டில் ஒரு தனியார் கம்பெனியில் சூளைப் பொறுப்பாளனாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு, எல்லாம் போடுவோம்.

வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே நான் ஒரு பாடம் நடத்துவேன். விரிசல் விட்ட பீங்கான் இரண்டைக் கையில் கொடுத்து, உடைந்த விளிம்பில் விரலை ஓட்டச் சொல்வேன். ஒன்று வழவழவென்று இருக்கும். மண் காயும்போதே விரிசல் விட்டது அது. சூளையில் கண்ணாடிப் பூச்சு உருகும்போது அந்த விளிம்பிலும் ஓடி மழுக்கிவிடும். அது மண்காரன் தப்பு. இன்னொன்று விரலை வெட்டும். பூச்சு உருகி, இறுகி, ஆறும்போது குளிர்ந்த காற்று பட்டு உடைந்தது அது. கதவை அவசரப்பட்டுத் திறந்த சூளைக்காரன் தப்பு. மண்ணும் சூளையும் சண்டை போட்டால் விரலைத்தான் நீதிபதியாக வைப்போம்.

எங்கள் முதலாளிக்கு விரல் தேவையில்லை, காது போதும். வலது கை மோதிரத்தால் ஒவ்வொரு சாமானையும் ஒரு தட்டுத் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். 'டங்' என்றால் கீழே வைப்பார். 'டொக்' என்றால் ஒன்றும் பேசாமல் நம் கையில் கொடுத்துவிடுவார். அந்தக் கொடுப்புத்தான் திட்டு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தன்னைவிடப் பெரியவர்களைக்கூடத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சூளையைத் திறக்க அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. செய்தித்தாளைக் கிழித்து, சுருட்டி, எட்டிப் பார்க்கும் துளை வழியாக உள்ளே நீட்ட வேண்டும். தாள் பழுப்பேறினால் கதவைத் தொடக் கூடாது. "தாள் வெள்ளையா வரட்டும் தம்பி. அப்புறம் நீ, நான், சூளை மூணு பேரும் பேசிக்கலாம்" என்பார்.

இப்படி இருந்த எங்கள் கம்பெனிக்கு ஒரு நாள் சென்னையிலிருந்து சினிமாக்காரர் ஒருவர் வந்தார். ஆர்ட் டைரக்டர். வேனிலிருந்து இறங்கியவர் யாரிடமும் பேசாமல் எங்கள் பழைய வட்டச் சூளைக்கு முன்னால் போய் நின்றார். அந்தக் காலத்துச் சூளை கவிழ்த்த அண்டா மாதிரி இருக்கும், பக்கத்திலேயே புகைபோக்கி. கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டார்.

"இதான் சார் என் ஊரு!"

அவர்கள் எடுக்கப்போகிற படம் வேறொரு கிரகத்தில் நடக்கிறது. அந்தக் கிரகத்தில் காற்று விஷம், ஆறு விஷம், மழை பெய்தால் தோல் உரியும். அங்கே மனிதர்கள் ஒரு பெரிய குவிமாடத்துக்குள் ஊர் கட்டி, தொழிற்சாலை வைத்துப் பிழைக்கிறார்கள். அந்த ஊரின் சிறிய மாதிரி ஒன்று வேண்டும். அதன் தொழிற்சாலைகளுக்குள் நிஜ நெருப்பு எரிய வேண்டும், குவிமாடத்தைத் துளைத்து நிற்கும் புகைபோக்கிகளில் நிஜப் புகை வர வேண்டும். அட்டை எரியும், பிளாஸ்டிக் உருகும். அதனால் பீங்கானைத் தேடி வந்திருந்தார்.

மண்ணை அச்சில் வார்க்கும் அச்சுக்கூடத்தில் அப்போது மேரி என்று ஒரு பெண் இருந்தார். கம்மாபுரம் பக்கத்து ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அந்த ஊர் இடம் மாறி வந்தது. பிளாஸ்டர் அச்சில் மண் கூழை ஊற்றி, சரியான நேரத்தில் கவிழ்த்து, ஈரம் காய்வதற்குள் கத்தியால் நறுக்கி எடுப்பதில் அவருக்கு நிகர் எங்கள் கம்பெனியில் யாருமில்லை. ஆர்ட் டைரக்டர் வரைபடத்தை விரித்துக் கதையைச் சொன்னார். மேரி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பொக எங்க சார் போவுது?"

"வெளியேம்மா. மாடத்துக்கு வெளிய."

"வெளிய யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. வெளியதான் விஷமாச்சே."

"பொகைய வெளிய வுட்டாதான் சார் வெளிய வெசமாவும். இவங்களே பண்ணிட்டு, இவங்களே உள்ள பூந்துக்கினாங்களா?"

ஆர்ட் டைரக்டர் என்னைப் பார்த்தார். "சார், இதை நான் டைரக்டர்கிட்டச் சொல்லணும். கதையில இதுவே இல்ல" என்றார்.

அன்று முதல் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தக் கிரகத்தில்தான் கழிந்தது. மழையே ஆகாத ஊரில் துணியை எங்கே காயப்போடுவார்கள்? குவிமாடத்துக் கதவை யார் திறப்பது, யார் சாத்துவது? உள்ளே காக்கா உண்டா? பேக்கிங் ஆட்கள்கூட வந்து உட்கார்ந்து வாதாடுவார்கள். வரைபடத்தில் தொழிற்சாலைகள் மட்டும்தான் இருந்தன. மேரி அவராகவே ஒரு டீக்கடை செய்தார், ஒரு துணிக்கொடி செய்தார், ஒரு பஸ் நிலையமும் செய்தார்.

"மாடத்துக்குள்ள பஸ்ஸு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"எங்க ஊரைத் தூக்கி வேற எடத்துல வச்சப்போ மொதல்ல நாங்க கேட்டது அதான் சார். பஸ்ஸு எங்க நிக்கும்னு."

கட்டடங்கள் எல்லாம் நல்லபடியாகச் சுட்டு வந்தன. மீதி இருந்தது குவிமாடம். இரண்டு கையையும் விரித்துத்தான் தூக்க முடியும், அவ்வளவு பெரியது. தேன்கூடு மாதிரி முழுக்க ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலையும் மேரி கத்தியால் வெட்டினார். வெட்டும் நாட்களில் ஃபேன் போட விடமாட்டார், காற்றுப் பட்டால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்துவிடுமாம். அந்தப் பச்சை மண் மாடத்தை முதலாளி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்ட முடியாதே, அதனால் மோதிரத்தைத் திருகிக்கொண்டே நின்றார்.

"மேரிம்மா, இது மட்டும் நல்லா வந்துட்டா அச்சுக்கூடத்துக்கு நீதான் ஹெட்டு."

எஸ்டேட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் எந்தக் கூடத்துக்கும் ஹெட் ஆனதில்லை. மேரி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. என் மேஜைக்கு வந்து, "சார், நீங்க பாத்துச் சுடுங்க. என் கைய வுட்டுப் போயிடுச்சு, இனிமே உங்க கையிலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுட்டது ஒழுங்காகத்தான் சுட்டேன். சூட்டைக் காட்டும் சின்னக் கூம்புகளை உள்ளே வைத்து, துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிக் கூம்பு மரியாதை தெரிந்தவன்போலத் தலை குனிந்ததும் பர்னரை நிறுத்தினேன். துளைகளை எல்லாம் மண்ணால் பூசினேன். இனி செய்ய ஒன்றுமே இல்லை. ஆறவிட வேண்டும். சூளை வேலையில் கஷ்டமான பகுதி அதுதான், ஏனென்றால் அதில் வேலையே கிடையாது.

மறுநாள் சாயங்காலம். முதலாளி ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தார். ஆட்கள் எல்லாம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆர்ட் டைரக்டர் போன் செய்து, நாளைக் காலையில் வருவதாகச் சொன்னார். துளையில் பூசிய மண்ணைப் பெயர்த்து, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே நீட்டினேன். இழுத்துப் பார்த்தால் நல்ல பழுப்பு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கருகியிருக்கும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டுதான், செங்கல் அடுக்கி மண் பூசிய கதவின் மேல்வரிசையில் இரண்டு கல்லை உருவினேன்.

ஏன் என்று கேட்டால், அவசரம் என்று எதையாவது சொல்லலாம். ஒரு அவசரமும் இல்லை. காலையில் எல்லாரும் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டார்ச்சை அடித்தேன். பூச்சு அந்த விஷக் காற்றின் நிறத்தில், பழுப்பும் பச்சையுமாக, ஈரம்போல மின்னியது. ஜன்னல்களில் வெளிச்சம் நுழைந்து மறுபக்கம் புள்ளி புள்ளியாக விழுந்தது. உள்ளே நிஜமாகவே ஒரு ஊர் விளக்கேற்றிக்கொண்டு இருப்பதுபோல இருந்தது. ஐப்பசி மாதம். மழைக்கு முந்திய குளிர்ந்த காற்று ஒன்று என் காதோரமாகப் போய் அந்த ஓட்டைக்குள் நுழைந்தது.

'டிங்.'

கோயில் மணியை நகத்தால் சுண்டியதுபோல ஒரே ஒரு சத்தம். அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. செங்கல்லைத் திரும்ப வைத்து மண்ணைப் பூசிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் எல்லாரும் வருவதற்கு முன்னாலேயே கதவைப் பிரித்தேன். உச்சியிலிருந்து அடிவரை விரிசல். நாலைந்து ஜன்னலோடு உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று தனியாகக் கழன்று கிடந்தது. அதை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். முதலாளி வந்தார், மாடத்தைத் தட்டினார். டொக்.

"என்ன தம்பி?"

"மண்ணு காயும்போதே விட்டிருக்குதுங்க. ஒரு பக்கம் தடிமன் அதிகம்னு நினைக்கிறேன்."

அவர் விளிம்பைத் தடவிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் அவருக்குப் போதும். அந்த நம்பிக்கையை அன்றைக்கு நான் எதற்குச் செலவு செய்தேன் பாருங்கள். மேரி ஓடி வந்து பார்க்க வேண்டும் என்றார். "எதுக்கும்மா, பார்த்தா மனசுதான் கஷ்டப்படும்" என்று தடுத்து, நானே மாடத்தை எடுத்துப்போய் உடைசல் குவியலில் போட்டு நொறுக்கினேன். பரிவாகப் பேசி ஏமாற்றினேனே, இன்றுவரை அதிகம் கூசுவது அதற்குத்தான்.

முதலாளி கோபப்படவில்லை. "கொஞ்ச நாளு பேக்கிங்ல இரும்மா. கை நிதானமாவட்டும்" என்றார். ஹெட் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த வருஷம் மேரி வேலையை விட்டு நின்றார். அந்தப் படமும் வரவே இல்லை. ஆர்ட் டைரக்டர் பிறகு ஒரு சாமிப் படத்துக்கு அகல் விளக்கு வாங்க வந்தார்.

பையிலிருந்த துண்டை என் மனைவி கண்டெடுத்தாள். "நல்லா இருக்குதே! ஓட்டை இருக்குது, தண்ணி வடிஞ்சிடும்" என்று குளியலறையில் சோப்பு வைத்துவிட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அன்று முதல் முப்பது வருஷத்துக்கு மேலாக, தினமும் காலையில் அந்தக் கிரகத்திலிருந்துதான் நான் சோப்பு எடுத்தேன். சில நாள் விரலையும் வெட்டிக்கொண்டேன்.

கார்த்தி பூட்டைக் காட்டிய மறுநாள், அந்தப் பீங்கான் துண்டைக் கழுவித் துடைத்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மேரியின் கடைக்குப் போனேன். மாதா கோயில் தெருவில் சின்னக் கடை. மாதா சுரூபம், அகல் விளக்கு, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை, நவராத்திரிக்குக் கொலு பொம்மை எல்லாம் விற்கிறார். என் மனைவிகூட அங்கேதான் வாங்குவாள். எல்லாமே கைக்கு அடங்குகிற பொம்மைகள். பெரிதாக ஏதாவது ஊற்றித் தரச் சொன்னால், "அது எனக்கு ராசியில்லக்கா" என்பாராம்.

"வாங்க சார், உக்காருங்க. அக்கா வரலையா?"

நான் உட்காரவில்லை. துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னா சார் சோப்பு வாசன?"

"விளிம்பத் தடவிப் பாரும்மா."

தடவினார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஜன்னல்களைப் பார்த்தார். தன் கத்தி வெட்டு அவருக்குத் தெரியாதா? மறுபடி, இந்தத் தடவை மெதுவாக, விளிம்பில் விரலை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் வந்து விளக்கில் விலை குறைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். மேரி அந்த அம்மாள் கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கதவத் தொறந்தீங்களா?"

"ஆமாம்மா."

"எப்போ?"

"முதநாள் சாயங்காலம். தாள் பழுப்பா வந்துச்சு. தெரிஞ்சுதான் திறந்தேன்."

"இத்தினி வருசமா என் கையத் திட்டிக்கினு இருந்தேன் சார்." குரல் உயரவில்லை. "பேரப்புள்ளையக் குளுப்பாட்டக்கூடப் பயந்தேன். கை நெதானமில்லாதவ, வழுக்கி வுட்டுட்டா என்னா பண்றதுன்னு. தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. நான் கெடுத்தது ஒரு வேலையை மட்டும்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மன்னிக்கச் சொல்லி வாயெடுத்தேன்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல மொதலாளிகிட்ட வந்து சொல்லுங்க. கெளம்புங்க."

கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். எழுபதைத் தாண்டிய நான், துண்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் நாலு பேராவது பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் மேரி வேண்டுமென்றே வேகமாக ஏற்றி இறக்கினார் என்று நினைக்கிறேன். கேட்க எனக்கு உரிமை இல்லை.

முதலாளி கம்பெனியை விற்று ரொம்ப நாளாகிறது. கட்டிலில் சாய்ந்து இருந்தார். காது அநேகமாகப் போய்விட்டது. அவர் காதருகே குனிந்து கத்திக் கத்தி என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். இரகசியமாகச் சொல்லி முடிக்க நினைத்ததைத் தெருவே கேட்டது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து நின்று கேட்டார். முதலாளி துண்டை வாங்கி மோதிரத்தால் தட்டினார், காதோரம் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு விளிம்பில் விரலை ஓட்டினார். பொட்டாக இரத்தம் வந்தது.

"வெட்டுதே தம்பி" என்றார். பிறகு, ஒன்றும் பேசாமல், துண்டை என் கையில் கொடுத்தார். அந்தப் பழைய கொடுப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேரியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நாளையிலேருந்து அச்சுக்கூடத்துக்கு நீதான் ஹெட்டு, மேரிம்மா."

அச்சுக்கூடம் இருந்த இடத்தில் இப்போது டயர் குடோன் இருக்கிறது. "சரிங்க மொதலாளி" என்றார் மேரி, சிரிப்பும் அழுகையுமாக.

வெளியே வந்து வண்டியில் சாவியைப் போட்டவர், திருகாமல் அப்படியே நின்றார். "அந்த மாடத்த மறுபடி ஊத்தப்போறேன். பொதுச் சூளையில நீங்கதான் சுடணும்."

"நானா?"

"பின்ன? நீங்க கெடுத்தத வேற யாரு வந்து சுடுவாங்க?"

அச்சு செய்வதற்கே பல வாரங்கள் ஆயின. பிளாஸ்டர் மூட்டையை நான்தான் தூக்கினேன், ஃபேனை நிறுத்தியதும் வியர்த்ததும் நான்தான். முதலில் ஊற்றிய மாடம் காயும்போதே விரிசல் விட்டது. மேரி விளிம்பைத் தடவிக் காட்டி, "இது என் தப்பு. பாருங்க, நான் ஒத்துக்கிறேன், எவ்ளோ சுளுவா இருக்குது" என்றார். இரண்டாவது மாடம் நின்றது. உள்ளே வைக்கும் தொழிற்சாலை, டீக்கடை, பஸ் நிலையம் எல்லாவற்றையும் மேரி புதிதாகச் செய்திருந்தார். இதை எங்கே வைப்பது என்று கேட்டேன். கோயிலில் இந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் குடில் தன் பொறுப்பு என்றார். சாமியாருக்குக் குழப்பம்.

"என்னம்மா இது, ஃபேக்டரி, புகைபோக்கியெல்லாம் இருக்கு? மாட்டுக்கொட்டாய் எங்க?"

"இது வேற கிரகம் ஃபாதர். அங்க மனுசன் இருந்தா, அங்கயும் வந்து பொறக்க மாட்டாரா?"

சாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, டீக்கடைக்குப் பக்கத்தில் தொட்டிலுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

சூளை சுட்டு முடித்து ஆறிக்கொண்டிருந்தபோது, கார்த்தி என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். "சார், பாஸ்வேர்டு போட்டா பூட்டு தொறக்கும். ஒரு எட்டுப் பாத்துடலாமா?" மேரிக்குப் பாம்புக் காது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். அங்கிருந்து ஸ்டேஷன் வரை நடந்தேன், திரும்பி வந்து இன்னொரு டீ குடித்தேன். வேலையே இல்லாத அந்த வேலையை இந்தத் தடவை முழுதாகச் செய்தேன். கதவைத் திறந்தது மேரிதான். சுண்டுவிரல் நகத்தால் தட்டினார். டங். கூடமே கைதட்டியது. மன்னித்துவிட்டேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் மனைவியோடு குடிலைப் பார்க்கப் போனேன். குவிமாடத்துக்குள் விளக்கு எரிந்தது, புகைபோக்கிகளில் சாம்பிராணிப் புகை வந்தது. பஸ் நிலையத்தில் மூன்று ராஜாக்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். மாடத்துக்கு வெளியே மேரி சாம்பலைக் கொட்டிப் பாழ்நிலம் செய்திருந்தார். அதன் நடுவில் சாய்வாக நட்டு நின்றது, நான் மேரியிடமே கொடுத்துவிட்ட, எங்கள் வீட்டில் சோப்பு வைத்த துண்டு. "காணோமேன்னு தேடினேன், இங்கயா இருக்குது!" என்றாள் என் மனைவி.

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் அந்தத் துண்டைக் காட்டி, "இது என்னா ஆயா?" என்று மேரியைக் கேட்டாள்.

"அது பழைய ஊரு. அங்க ஒருத்தரு அவசரப்பட்டுக் கதவத் தொறந்துட்டாரு."

"யாரு?"

"தோ, நிக்கிறாரு பாரு."

அத்தனை பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தச் சின்னப் பெண் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் தாத்தா தொறந்தீங்க?"

"பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் ஜன்னல் வழியாக உள்ளே எரிந்த விளக்கை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். அது நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினாள். மேரி சாம்பிராணி போடக் குனிந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.